முந்தல் ரோட்டில் நான் சாமியானது

ஓடத் தெரியாதவன் ஓடக்கூடாது. ஓடினாலும் மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு ஓடக்கூடாது. இதை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால், நானும் போடியில் நாலு பேரைப் போல மரியாதையாகப் பரோட்டா தின்றுகொண்டிருப்பேன்.

என் சித்தி ராசாத்திக்கு இதயத்தில் வால்வு பழுது. சிலமலையிலிருந்து தினமும் போடிக்கு வந்து ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறவள். அதே கடையில்தான் நான் கணக்கு எழுதுகிறேன். வாயைத் திறந்தால் கடை அதிரும். அப்பேர்ப்பட்டவள் இரண்டு படி ஏறியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். மதுரையில் ஆபரேஷன் என்றார்கள், சீக்கிரம் என்றார்கள். நகையெல்லாம் விற்றும் பாதிப் பணம்தான் தேறியது. சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

அப்போதுதான் செல்போனில் ஒரு ஆளைப் பார்த்தேன். யாருடைய வைத்தியத்துக்கோ அவர் மைல் கணக்கில் ஓடுகிறார், பார்க்கிறவர்கள் பணம் அனுப்புகிறார்கள். அட, இவ்வளவுதானா! போடியிலிருந்து குரங்கணி பதினாறு கிலோமீட்டர். பைக்கில் போனால் அரை மணி நேரம், ஓடினால் ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டேன். (கணக்கு எழுதுகிறவன் என்று சொன்னேனே, அந்தக் கடை இன்னும் நடப்பது முதலாளி செய்த புண்ணியம்.)

சொந்தக்காரர்களிடம் சொல்லும் பொறுப்பைச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவருக்கு விளங்கவே இல்லை.

"நீ ஓடுனா அவுக எதுக்குடா காசு குடுக்கணும்?"

"சித்திக்கு நல்லாகணும்னு ஓடுறேன்ல சித்தப்பா, அதுக்குத்தான்."

"அப்பிடித் தெளிவாச் சொல்லு!"

அவருக்குத் தெளிந்துவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பனியன் கடையில் என் உடம்புக்கு ஏற்ற அளவு மஞ்சளில் மட்டும்தான் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் நாக்கு வெளியே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா குடத்தோடு ஓடிவந்து என் காலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றித் தொட்டுக் கும்பிட்டார். இரவல் வாங்கிய ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக்கென்றது. அடுத்த வளைவில் வேப்பிலையோடு இன்னும் நாலு பேர். சித்தப்பா ஊர் ஊராகப் போய், "நம்ம பய சித்திக்காக வேண்டுதல் ஓட்டம் ஓடுறான்" என்று சொல்லிவிட்டிருக்கிறார். மஞ்சள் துணி, சிவந்த கண், புஸ் புஸ்ஸென்று மூச்சு. என்னைப் பார்த்துச் சாமி வந்திருக்கிறது என்று நினைத்த ஜனங்கள் மேல் தப்பே இல்லை.

ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினேன். பக்தி இன்னும் கூடியது.

வழியில் முந்தல் கிராமத்துப் பக்கத்தில் ஒரு பெண், வீறிட்டு அழும் கைக்குழந்தையை நீட்டினாள். "சாமி, ராப்பகலா அழுகுது. துன்னூறு போட்டு விடுங்க."

என்னிடம் ஏது திருநீறு? பாக்கெட்டில் தெம்புக்காக வைத்திருந்த குளுக்கோஸ் பொடிதான் இருந்தது. வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று எடுத்துப் பூசினேன். கொஞ்சம் உதட்டில் சிந்தியது. குழந்தை நக்கிப் பார்த்தது. கப்பென்று அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தது.

அவ்வளவுதான். வரிசையில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். பத்து நிமிஷத்தில் பாக்கெட் காலி.

குளுக்கோஸ் இல்லாமல் குரங்கணி மேட்டில் ஏற முடியுமா? மூன்றாவது வளைவில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். அப்போது ஒரு ஜீப்பு வந்து நின்றது. முன்சீட்டில் சித்தி. டாக்டர் அசையக்கூடாது என்று சொல்லியும் கேட்காமல் வந்திருந்தாள்.

"வெரசா ஜீப்புல ஏறு அப்பு. நீ செத்துகித்துப் போனா ஒங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

நான் ஏறக் காலைத் தூக்கினேன். பின்னாலேயே வந்த பெரியவர் ஒருவர் குறுக்கே கையை நீட்டினார். "ஏறக்கூடாது சாமி. பாதியில விட்டா, யாருக்காக வேண்டுனீகளோ அவுகளுக்கு ஆகாது."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சித்தியைப் பார்த்தேன். அந்த ரெண்டு வார்த்தை பேசியதற்கே அவளுக்கு மூச்சு முட்டியது, உதடு கறுத்திருந்தது. சித்தி விஷயத்தில் சோதித்துப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. தூக்கிய காலை மறுபடி ரோட்டில் வைத்தேன்.

மீதித் தூரத்தை ஓடினேன் என்றால் நாக்கு அழுகிவிடும். நொண்டினேன், உட்கார்ந்தேன், கடைசிக் கொஞ்ச தூரம் தவழ்ந்தேன். (அதற்கும் பக்தர்கள் அர்த்தம் கண்டுபிடித்தார்கள்.) மத்தியானம் குரங்கணி போய்ச் சேர்ந்தபோது, ஜீப்பின் முன்னால் விரித்திருந்த துண்டு காணிக்கைப் பணத்தால் நிறைந்து கிடந்தது. குறைந்ததை முதலாளி போட்டார். அடுத்த வாரமே ஆபரேஷன். சித்தி பிழைத்துவிட்டாள்.

நிம்மதியாகப் பரோட்டாவுக்குத் திரும்பலாம் என்று பார்த்தால், மறு வருஷம் சித்தப்பா மஞ்சள் பனியனோடு வீட்டு வாசலில் நிற்கிறார். "வேண்டுதல்னா மூணு வருசம் செய்யணும்டா. தெரியாதா ஒனக்கு?"

போன வருஷம் மூன்றாவது ஓட்டம். முந்தலில் சித்தியும் சேர்ந்துகொண்டாள். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறாராம். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே முன்னால் நடந்தவள், ஒரு வளைவுக்குப் பிறகு கண்ணுக்கே தெரியவில்லை.

நான் குரங்கணிக்குப் போய்ச் சேர்ந்தபோது, டீயைக் குடித்து முடித்து, சொம்புத் தண்ணீரோடு காத்திருந்தாள். என் காலில் ஊற்றினாள். பிறகு, மொத்தக் குடும்பமும் பார்த்திருக்க, கண்ணை மூடி நாக்கை நீட்டினாள்.

"சாமி, துன்னூறு."

பாக்கெட்டைத் துழாவினேன். நல்லவேளை, ஒரு சிட்டிகை மிச்சம் இருந்தது.