கால்ட்டோஃபன் என்ற பெயரால் வந்த வினை

ஹைடர்ஸ்பாக்,
நவம்பர் 14

பாசத்திற்கும் மரியாதைக்கும் உரிய தமக்கையார் கூட்ரூன் அவர்களுக்கு,

தம்பி ரைன்ஹோல்டு பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் முழங்காலும் ரோஸ்டாக்கின் கடற்காற்றில் சௌக்கியமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே நானும் மழையும் இருக்கிறோம். மழை சௌக்கியம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வரும் சனிக்கிழமை ஹெட்டாவின் கல்யாணத்துக்குத் தாங்கள் புறப்பட்டு வர வேண்டாம். ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிடவும். கல்யாணம் நடக்கும். பெண்ணின் தகப்பன்தான் போகப்போவதில்லை. தகப்பன் இல்லாத கல்யாணத்தில் அத்தை மட்டும் போய் நின்றால் நன்றாக இருக்காது.

அக்டோபர் முதல் ஞாயிறு, ஹெட்டாவும் அவள் கட்டிக்கொள்ளப்போகிற வாத்தியார் லென்னார்ட்டும் காப்பிக்கு வந்திருந்தார்கள். நான் பிளம் கேக்கை வெட்டிக்கொண்டே, பதிவு அலுவலகத்துப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று சும்மாதான் கேட்டேன். "ஃபோகல்சாங்" என்றாள் உன் மருமகள். பையனோட பேரு. பறவைப் பாட்டாம்! "அப்போ நம்ம பேரு கால்ட்டோஃபன்?"னு கேட்டேன். "அப்பா, பேர்லயே குளிர் இருக்குன்னு பள்ளிக்கூடத்துல பத்து வருஷம் என்னை 'ஃபிரிட்ஜு, ஃபிரிட்ஜு'ன்னுதான் கூப்பிட்டாங்க. நான் பட்டது போதும். என் பிள்ளைக்கு வேண்டாம்ப்பா"ன்னா. பையன் தட்டையே பார்த்துக்கிட்டிருந்தான். "பேரைத் தூக்கிப் போட்டுட்டுப் பண்ற கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்"னு சொல்லிட்டேன். அவ கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா. அன்னிலேர்ந்து ஆறு வாரமா பேச்சு வார்த்தை இல்லை. நீ கல்யாணம் கட்டி ஷ்டைன்மெட்ஸ் ஆனப்போ அப்பா ஒண்ணும் சொல்லலையேன்னு கேட்பே. அப்போ பேரைக் காப்பாத்த நான் இருந்தேன். இப்போ எனக்கப்புறம் யாரு இருக்கா? என் பெஞ்சாதி மார்லீஸோட கல்லறைக் கல்லுல அந்தப் பேரு இருக்கு, பக்கத்துல எனக்குன்னு கொஞ்சம் இடம் விட்டிருக்கு. அவ்வளவுதான் நம்ம வம்சம்.

அதோட நான் சும்மா இருந்திருக்கலாம். பேரோட பெருமையை நிரூபிச்சுக் காட்டினா அவ மனசு மாறும்னு ஒரு நப்பாசை. குடும்பப் பேர்களை ஆராய்ச்சி பண்ற ஒரு அம்மா நூலகத்துல பேச வர்றாங்க, சீட்டுல எழுதிக் குடுத்தா அர்த்தம் சொல்வாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தது. டை கட்டிக்கிட்டு முதல் வரிசையில போய் உட்கார்ந்தேன். திரையில நாட்டோட வரைபடம். 'ம்யூலர்'னு தட்டினதும் தேசமே புள்ளி புள்ளியா கறுத்துப்போச்சு. ஊருக்கு ஊர் மாவு மில்லு இருந்துது, அதனால ஊருக்கு ஊர் ம்யூலர், அதாவது மில்லுக்காரர். அடுத்து நம்ம பேரு. கிழக்கு மூலையில கொசு கடிச்ச மாதிரி பத்துப் பதினஞ்சு புள்ளி. "கால்ட்டோஃபன், அதாவது ஆறிப்போன அடுப்பு. பட்டப்பேரா வந்திருக்கலாம். அடுப்புல பூனை தூங்குற வீட்டுக்காரர். ஒண்ணு பரம ஏழை, இல்லேன்னா விறகு வைக்க மனசு வராத கஞ்சன்"ன்னாங்க அந்த அம்மா. சபை சிரிச்சுது. நான் எழுந்து நின்னு, நம்ம அப்பா சொன்னபடி, "எங்க முன்னோர் ட்ரெஸ்டன் அரண்மனையில இளவரசருக்குக் கணப்பு மூட்டினவங்க"ன்னேன். "சரியா மூட்டலை போலிருக்கு!"ன்னு பின்னாலேருந்து ஒரு குரல். ரொட்டிக்கடை ஹோல்ஃபெல்டர். மறுபடியும் சிரிப்பு. அந்த அம்மா பாவம், "ஐயா, அதே பேர்ல ஒரு கிராமம் இருக்கு, அங்கேருந்து வந்தவங்களா இருக்கலாம். சுண்ணாம்புக் காளவாய்க்கும் கிட்டத்தட்ட இதே சொல்லுதான், எழுதினவர் ஒரு எழுத்தை மாத்திப் போட்டிருக்கலாம்"னு சமாதானம் சொன்னாங்க. கஞ்சனா, கிராமத்தானா, சுண்ணாம்பா, ஒரு முடிவும் இல்லை. மறுநாளிலிருந்து ஹோல்ஃபெல்டர் கடைக்குப் போறதில்லை. பக்கத்து ஊர் ரொட்டிதான். அது புளிக்குது.

ஆனா அந்தப் புள்ளிங்க கண்ணை விட்டுப் போகலை அக்கா. புள்ளி இருக்கிற இடமெல்லாம் நம்ம ரத்தம்தானே! அவங்களையெல்லாம் கூட்டி வந்து ஹெட்டா முன்னால நிறுத்தினா? டெலிபோன் புத்தகத்தைப் பிரிச்சு முப்பத்தெட்டு கால்ட்டோஃபனுக்கும் கடுதாசி போட்டேன். ஏழு பதில் வந்தது. ஒருத்தர் என்னை மோசடிக்காரன்னு எழுதியிருந்தார். ஒரு அம்மா உங்களுக்கும் பித்தப்பையில கல் இருக்கான்னு கேட்டிருந்தாங்க. ஏகோன்னு ஒருத்தர் பதிலே போடலை, நேரா வந்துட்டார். பெட்டியோட, நாயோட. பெஞ்சாதி செத்து மூணு வருஷமாம், பிள்ளைங்க இல்லையாம். "அண்ணே! அந்த மூக்கைக் காட்டுங்க! ஐயோ, அப்படியே எங்க சித்தப்பா மூக்கு!"ன்னு வாசல்லயே கட்டிப் பிடிச்சுக்கிட்டார். அஞ்சு நாள் இருந்தார். உருளைக்கிழங்கு சூப்பை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நாய் மார்லீஸோட நாற்காலியில ஏறிப் படுத்துக்கிச்சு, விரட்ட எனக்கு மனசு வரலை. வீட்டுல குறட்டைச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு.

"எங்கே ஒண்ணு சேருதுன்னு பார்த்துடுவோம் அண்ணே"ன்னு அவர்தான் என்னைக் கோவிலுக்கு இழுத்துக்கிட்டுப் போனார். போதகர் அம்மா பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து, அப்பா, தாத்தான்னு பின்னாலேயே போய் ஆயிரத்து எழுநூத்தி எண்பத்தாறுல விரலை வச்சு நிறுத்தினாங்க. "இதுக்கு மேல இல்லை"ன்னாங்க. பிப்ரவரி மாசம், ஊர்ப் பொது ரொட்டி அடுப்புக்குள்ள ஒரு ஆண் குழந்தை. ரொட்டி சுட்ட மறுநாள் காலையில அடுப்பைக் கூட்ட வந்த பொம்பளை பார்த்து எடுத்திருக்கா. தாய் தகப்பன் தெரியலை. கிடைச்ச இடத்தை வச்சுப் பேரு போட்டிருக்காங்க. இளவரசரும் இல்லை, அரண்மனையும் இல்லை. யாரோ வேண்டாம்னு விட்டுட்டுப் போன பிள்ளை. "அப்போ பேரு மட்டும்தான் ஒண்ணா, நமக்குள்ள ரத்த சம்பந்தம் ஒண்ணுமே இல்லையா?"ன்னு ஏகோன் கேட்டார். போதகர் அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அந்த அடுப்பு நிஜமாவே ஆறியிருந்தா இன்னிக்கு நீங்க இங்கே நின்னிருக்க மாட்டீங்க. பிப்ரவரிக் குளிர்ல, ஊர்லயே சூடு மிச்சமிருந்த இடம் பார்த்து வச்சிருக்கா அந்தத் தாய்"ன்னாங்க. எனக்கு அங்கேயே கண்ணு கலங்கிடுச்சு.

ஏகோன் மறுநாள் காலையில பெட்டியைக் கட்டிட்டார். "இனிமே இருந்தா நல்லா இருக்காதுங்க"ன்னார். அண்ணேன்னு கூப்பிடலை. இருங்கன்னு சொல்ல நாக்கு நுனி வரை வந்தது, சொல்லலை. அப்புறம் அந்தப் பக்கத்தோட நகலை ஹெட்டா வீட்டுத் தபால் பெட்டியில போட்டுட்டு, மணி அடிக்காம திரும்பிட்டேன். இதுக்காகவா அப்பன் இவ்வளவு ஆட்டம் போட்டான்னு தெரிஞ்சுக்கட்டும், நிம்மதியா ஃபோகல்சாங் ஆகட்டும். நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அங்கே போய் நிப்பேன்?

ஆகவே தமக்கையார் அவர்கள் பயணத்தைக் கைவிட்டு, முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, மணமக்களை இருந்த இடத்திலிருந்தே ஆசீர்வதிக்கவும். அத்தானுக்கு என் வணக்கம். கர்த்தர் உங்கள் இருவரையும் என்னைப் போல் ஆக்காமல் காப்பாராக.

இப்படிக்கு,
யாருடைய வம்சமோ தெரியாத தம்பி,
ரைன்ஹோல்டு

பின்குறிப்பு: அக்கா, டிக்கெட்டை ரத்து பண்ணாதே! பண்ணியிருந்தா உடனே வேற எடு. கடுதாசியை ஒட்டப்போற நேரத்துல லென்னார்ட் வந்து வாசல்ல நிக்கிறான், தொப்பலா நனைஞ்சு. "மாமா, உங்க பேரு எனக்கு வேணும்"ங்கிறான். இவன் கரும்பலகைப் பக்கம் திரும்பினா போதுமாம், பின்னாலேருந்து மொத்த வகுப்பும் குருவி மாதிரி விசிலடிக்குமாம். பதினொரு வருஷமா! அவனுக்கு முதல்லேருந்தே நம்ம பேருதான் வேணுமாம், ஹெட்டாதான் ஒத்துக்கலையாம். நேத்து அந்த நகலைப் படிச்சுட்டு அழுதாளாம். "அந்தப் பிள்ளையை ஏற்கெனவே ஒரு தடவை விட்டுட்டுப் போயிட்டாங்க. ரெண்டாவது தடவை நான் விடமாட்டேன்"னு சொன்னாளாம். நான் விடுவேனா? ரெண்டு மணி நேரம் கெஞ்சினேன் அக்கா. "தம்பி, யாராவது பறவைப் பாட்டைக் குடுத்துட்டு ஆறிப்போன அடுப்பை வாங்குவாங்களா? புத்தி கெட்டுப் போச்சா? ஃபோகல்சாங்காவே இருந்துக்கோ"ன்னேன். அசையமாட்டேங்கிறான். சூப்பைக் குடிச்சுக்கிட்டே முடியாதுங்கிறான். இப்படி ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததே இல்லை. அசல் கால்ட்டோஃபன்.