மாமனார் பாஸ் பண்ணாத கேமரா

போன் திரையில் மாமனார் இருபது நிமிடமாக அசையவே இல்லை.

லிஃப்ட் மெக்கானிக் எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவே, லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு, ஒரு கையில் ஸ்பேனரும் மறு கையில் போனுமாகத் திரையை உற்றுப் பார்த்தான். ஹால் தெரிந்தது. நாற்காலி தெரிந்தது. நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்த மாமனாரின் கட்டம் போட்ட சட்டை தெரிந்தது. வீட்டுக்குப் போன் போட்டான். யாரும் எடுக்கவில்லை. மனைவி மருந்துக் கடைக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள், அவளும் எடுக்கவில்லை.

"இதைக் கொஞ்சம் பார்த்துக்கப்பா. மாமாவுக்கு ஏதோ ஆயிடுச்சு போல இருக்கு" என்று கூட்டாளியிடம் சொல்லிவிட்டு ஒன்பது மாடியையும் படி வழியாகவே இறங்கினான். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டி வைக்கிறவனுக்கு அவசரத்துக்கு ஒரு லிஃப்ட் கிடையாது.

வீட்டுக் கதவைத் திறந்தால் நாற்காலியில் சட்டை மட்டும்தான் இருந்தது. சுருக்கம் விழாமல் காய வேண்டும் என்று தலையணைக்கு மாட்டி ஃபேனுக்கு நேரே வைத்திருந்தார்கள். மாமனார் சமையலறையில் ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. டீ குடிக்கிறீங்களா?"

"போனை எடுக்கக் கூடாதா மாமா? உயிரே போயிடுச்சு."

"டீ பொங்கற நேரம். போன் மறுபடி அடிக்கும், பொங்கினது மறுபடி வருமா?"

மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இந்தக் கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மாமனார் தன் வீட்டில் தனியாக இருந்தபோது குளியலறையில் வழுக்கி விழுந்து, மூன்று மணி நேரம் யாருக்கும் தெரியாமல் தரையிலேயே கிடந்தார். இடுப்பில் ஆபரேஷன் ஆகி மகள் வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. மகளுக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. வருகிற திங்கட்கிழமை லீவு முடிகிறது. அதற்குள் பகலில் அப்பாவைக் கவனிக்க ஒரு வழி பிறக்காவிட்டால் வேலையை எழுதிக் கொடுத்துவிடப் போவதாகச் சொல்லியிருந்தாள். ஆசைப்பட்டுப் படித்து வாங்கிய வேலை. அதை விட வைத்துவிட்டு அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் மெக்கானிக்கின் கவலை.

அதனால்தான் கேமரா. கடைக்காரர் முதலில் எட்டுக் கேமராக்கள் கொண்ட ஒரு செட்டைக் காட்டினார். வங்கிக்கு மாட்டலாம். பிறகு நான்கு, பிறகு இரண்டு. மெக்கானிக் அலமாரியின் அடித்தட்டில் ஓரமாக இருந்த ஒற்றைக் கேமராவைக் காட்டி, "இது எவ்வளவு?" என்றான். பட்ஜெட்டுக்குச் சரியாக இருந்தது. விரலுக்கேற்ற வீக்கம் என்று திருப்தியாக வாங்கி வந்து மாட்டினான்.

மாமனாரைத் திருப்திப்படுத்துவது வேறு விஷயம். பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் தரம் பார்த்தவர் அவர். ஒரு கோணல் மூடி அவர் கண்ணைத் தாண்டிப் போனதில்லை. அவர் ஓய்வு பெற்றார், கண் ஓய்வு பெறவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையையே வெளிச்சத்தில் நிறுத்தித் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் பாஸ் பண்ணினார் என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள். குறை கண்டால் வாயால் சொல்ல மாட்டார். துண்டுச் சீட்டில் எழுதித் தேதி போட்டுக் கொடுப்பார்.

அன்றைக்கும் டீயோடு ஒரு சீட்டு வந்தது. 'சட்டைக்கும் மாமனாருக்கும் வித்தியாசம் தெரியாத கேமரா. ஃபெயில்.'

"இதைத் திருப்பிக் கொடுத்துடுங்க மாப்பிள்ளை" என்றார்.

"கொடுத்துட்டு? இதை விட நல்லதா வாங்கக் கையில இல்லையே மாமா."

"கேட்டுப் பாருங்க. வாயிருந்தா வழி பிறக்கும்."

அதற்குள் மருந்துக் கடையிலிருந்து திரும்பியிருந்த மனைவி வாசல் வரை வந்து குரலைத் தாழ்த்தினாள். "அப்பா கொஞ்சம் தர்றேன்னு சொல்றாருங்க. வாங்கிக்கிட்டா என்ன?"

"மாமனாரை வேவு பார்க்க மாமனார்கிட்டயே காசு வாங்கணுமா? ஊர் சிரிக்கும்" என்று செருப்பை மாட்டினான்.

கடைக்காரர் சண்டை போடுவார் என்று நினைத்துத் தயாராகப் போயிருந்தான். அவரோ வாயே திறக்காமல் பழையதை வாங்கி வைத்துக்கொண்டு, தெளிவான படம், ஆள் அசைந்தால் போனுக்குத் தகவல் சொல்லும் வசதி எல்லாம் உள்ள வேறொன்றை நீட்டினார்.

"இது விலை அதிகமாச்சே."

"அதே விலைதான் சார். ஸ்டாக் தள்ளி விடறோம்."

உலகத்தில் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று மெக்கானிக்குக்கு நெஞ்சு குளிர்ந்தது.

வெள்ளிக்கிழமை அந்தக் குளிர் போய்விட்டது. ஆள் அசைந்தால் சொல்லும் கேமரா, திரைச்சீலை அசைந்தாலும் சொன்னது. ஃபேன் சுற்றினால் சொன்னது. மனைவி பெருக்கினால் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு தடவை சொன்னது. மதியத்துக்குள் நூற்றுநாற்பது தடவை போன் கத்தியது. பக்கத்து லிஃப்டில் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாள், தலைக்கு மேல் ஏதோ மணி அடிக்கிறது, லிஃப்ட் அறுந்து விழப் போகிறது என்று பயந்து, நடுவில் நிறுத்தி இறங்கிக்கொண்டார். கட்டட மேலாளர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு விசாரித்தார்.

உணர்திறனைக் குறைத்தான். போன் அமைதியானது. அமைதி என்றால் அப்படியொரு அமைதி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மாமனார் கேமராவின் முன்னால் நின்று வாக்கரைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது.

"அப்பா ஒரு மணி நேரமா டெஸ்ட் பண்றாருங்க. சொன்னா கேட்டாதானே" என்றாள் மனைவி.

சீட்டு தயாராக இருந்தது. 'திரைச்சீலை ஆடினால் கத்துகிறது. மனிதன் ஆடினால் கண்டுகொள்வதில்லை. ஃபெயில்.'

"இன்னொரு தடவை எந்த முகத்தோட போய் நிக்கறது மாமா?"

"கெட்ட மூடியைத் திருப்பி அனுப்பறதுக்கு வெட்கப்பட்டா பாட்டில்தான் ஒழுகும். போயிட்டு வாங்க."

கடைக்காரர் இந்தத் தடவையும் முகம் கோணவில்லை. அறை முழுவதும் சுற்றிப் பார்க்கிற, இங்கிருந்து பேசினால் அங்கே கேட்கிற, அங்கே பேசினால் இங்கே கேட்கிற கேமராவை எடுத்துக் கொடுத்தார்.

"விலை?"

"அதேதான் சார். நீங்க எங்களோட நூறாவது கஸ்டமர்."

"முதல் தடவை வந்தப்பவா, இப்பவா?"

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "இப்பதான்."

சனிக்கிழமை காலை கூண்டின் மேல் உட்கார்ந்தபடி, "மாமா, மாத்திரை போட்டீங்களா?" என்று போனில் கேட்டான். "போட்டாச்சு" என்று பதில் வந்தது. என்ன சுகம். போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான். பேச்சை நிறுத்தும் பொத்தானை அமுக்க மறந்தான்.

"மாமனாருக்கு இதாவது பிடிச்சுதா?" என்று கேட்டான் கூட்டாளி.

"அவருக்கா? சொர்க்கத்துக்குப் போனாலும் வாசல்ல நின்னு, கதவு கோணலா இருக்குன்னு சீட்டு எழுதிக் கொடுப்பார். அது போதாதுன்னு என் பொண்டாட்டியோட மேனேஜர் வேற. திங்கட்கிழமை வரலன்னா வேற ஆளைப் போட்டுடுவாராம். அவரெல்லாம் ஒரு மனுஷனா?"

சட்டைப் பையிலிருந்து குரல் வந்தது. "மாப்பிள்ளை, கதவு கோணலா இருந்தா சொல்லத்தானே வேணும்?"

மெக்கானிக்கின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவிக் கூண்டின் மேல் விழுந்தது.

"என்னங்க," என்றது அடுத்த குரல். மனைவி. "மேனேஜர் அப்பாவைப் பார்க்க வந்திருக்கார். இங்கதான் உட்கார்ந்திருக்கார்."

பிறகு மூன்றாவது குரல் கனைத்துக்கொண்டது. "திங்கட்கிழமை எட்டு மணிக்கு அவங்களை வரச் சொல்லுங்க சார். நான் மனுஷனா இல்லையான்னு அப்புறம் பார்த்துக்கலாம்."

அன்று வீட்டுக்குப் போவதற்கு அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில் மூன்று லிஃப்டுகளைச் சரிபார்த்திருக்கலாம். மாமனார் நாற்காலியில் இருந்தார். நிஜ மாமனார்.

"மாமா, வாய் தவறிப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"அட விடுங்க. சொர்க்கத்துக்குத்தானே அனுப்பினீங்க" என்று சீட்டை நீட்டினார். 'ஒலி மிகத் தெளிவு. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஆனால் குளியலறைப் பக்கம் தெரியவில்லை. விழுகிறவன் ஹாலில் விழ மாட்டான். ஃபெயில்.'

மெக்கானிக் அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தான். மூன்று மணி நேரம் ஈரத் தரையில் கிடந்தவர் எழுதியது. மானம் மரியாதையெல்லாம் போகட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி கடை வாசலில் போய் நின்றான்.

கடைக்காரர் ஒரு பெரிய பெட்டியையே தூக்கி வைத்தார். ஹாலுக்கு ஒன்று, குளியலறைக்குப் போகிற நடைக்கு ஒன்று, கூடவே கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை. அதிலுள்ள பொத்தானை அமுக்கினால் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் போன் அடிக்கும். தண்ணீர் பட்டாலும் கெடாது.

"அதே விலையா?"

"அதே விலை. கடைக்கு இன்னிக்கு ஆண்டு விழா."

"கடை திறந்து நாலு மாசம்னு வெளியில போர்டு இருக்கே."

"முன்கூட்டியே கொண்டாடறோம் சார். எடுத்துட்டுப் போங்க."

திங்கட்கிழமை எட்டு மணிக்கு மனைவி லேபில் இருந்தாள். பதினோரு மணிக்கு மெக்கானிக் போனை எடுத்துப் பார்த்தான். நடையில் மாமனார் வாக்கரோடு மெதுவாகப் போனார். குளியலறைக்குள் மறைந்தார். மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். நான்கு நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. வெளியே வந்தவர் கேமராவை நிமிர்ந்து பார்த்துப் பட்டை கட்டிய கையைத் தூக்கிக் காட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து விரித்துக் கேமராவுக்கு நேரே பிடித்தார். 'பாஸ்' என்று எழுதியிருந்தது.

முப்பத்திரண்டு வருடத்து மூடிகள் பட்ட பாட்டை நினைத்தால் அது சாதாரணச் சொல் இல்லை. மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவிக்கு வேலை மிஞ்சியது, மாமனாருக்குத் துணை கிடைத்தது, தனக்குத் தூக்கம் திரும்பியது. இத்தனைக்கும் பெற்ற பிள்ளையா, கூடப் பிறந்தவனா? எங்கேயோ கடை வைத்திருக்கிற ஒரு மனிதர்.

வேலை முடிந்ததும் நேராகக் கடைக்குப் போனான். கல்லாவைச் சுற்றி உள்ளே போய்க் கடைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"உங்களை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லைங்க. இவ்வளவு கம்மி பட்ஜெட்டோட வந்தவனை மூணு தடவை முகம் சுளிக்காம கவனிச்சு, நஷ்டத்துக்குக் கொடுத்தீங்களே. உங்க கடை ஷட்டர் ஆயுசுக்கும் என் பொறுப்பு. ஒரு காசு வாங்க மாட்டேன்."

கடைக்காரர் நெளிந்தார். கையை உருவப் பார்த்தார், முடியவில்லை.

"ஐயோ, என்னைக் கும்பிடாதீங்க சார், ஒவ்வொரு தடவையும் நீங்க வீட்டை விட்டுக் கிளம்பினதும் உங்க மாமனார் போன் பண்ணி, 'குறை எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கேன், மேல ஆகற காசை நான் அனுப்பிட்டேன், மாப்பிள்ளைகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே'ன்னு சொல்லிடுவார்."