அந்தம்மாவை எழுப்பி உட்கார வைக்கவும்

காஞ்சிபுரம்
18-10-1971

மகா கனம் பொருந்திய டைரக்டர் ராஜவேலு அவர்களுக்கு, தங்கள் படத்தில் கதாநாயகனாக நடித்த கலியாணசுந்தரத்தின் ஆயா பட்டம்மாள் எழுதிக்கொண்டது. காமாட்சி கிருபையால் இங்கே அனைவரும் சேமம். முக்கியமாக என் மருமகள் நீலாம்பாள், அதாவது அவனைப் பெற்ற தாய், உயிரோடு சேமமாக இருக்கிறாள் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அஞ்சாங்கிளாஸ் படித்தவள் என்பதால் நானே எழுதுகிறேன். படம் இங்கே கொட்டகைக்கு வந்த அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. அவனுக்குப் பெண் கொடுக்கப்போகிற வேலாயுதம் சம்மந்தியைக் குடும்பத்தோடு நான்தான் கூட்டிக்கினு போனேன், மாப்பிள்ளையைப் பார்க்கட்டுமே என்கிற பெருமையில். என் பேரன் மெட்ராஸ் சந்துபொந்தெல்லாம் வேலை தேடிக்கினு அலைகிறான். வீட்டில் அவன் தறி சும்மா கிடக்குது, இவனுக்கு வேலை கிடைக்கலையாம், சரி, பொறுத்துக்கினேன். பிளாட்பாரத்தில் படுக்கிறான், ரவுடிப் பசங்களோடு பீடி பிடிக்கிறான். "எப்படி இருமுறான் பாருங்க, பழக்கமில்லாத பிள்ளை" என்று சம்மந்தி காதில் சொல்லிச் சமாளித்தேன். குழாயடியில் ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறான், அப்போ வேண்டுமென்றே வெற்றிலைப் பெட்டியைக் கீழே போட்டு எல்லோரையும் குனிந்து தேட விட்டேன். கடைசியில் புத்தி வந்து, வேலையும் கிடைத்து, சேதி சொல்ல வீட்டுக்கு ஓடி வந்தால் அவனைப் பெத்த அந்தம்மா செத்துக் கிடக்குது! மொட்டை அடிச்சுக்கினு, கொள்ளிச்சட்டி தூக்கிக்கினு போய் நெருப்பும் வைத்துவிட்டான். கொட்டகையே அழுவுது. வேலாயுதம் மட்டும் எழுந்து, "எல்லாரும் கெளம்புங்க, தலை முழுகணும்" என்று குடும்பத்தையே சர்வ தீர்த்தக் குளத்துக்கு ஓட்டிக்கினு போயிட்டார்.

மறுநாள் வந்து, "தாய்க்குக் கொள்ளி வெச்ச கையி. வருஷம் திரும்பாம தாலி கட்டக் கூடாது" என்கிறார். "அது நடிப்புப்பா!" என்றேன். "நடிப்பு சரிம்மா. நெருப்பு நெஜந்தானே? மொட்டை நெஜந்தானே?" என்கிறார். நீலாம்பாள் காபியோடு எதிரே போய் நின்னு, "அண்ணா, நான் இருக்கேனே" என்றாள். "உனக்கென்னம்மா, நீ நல்லா இரு. நான் சொல்றது அந்தம்மாவுக்கு" என்கிறார். தை மாசம் முகூர்த்தம், முகூர்த்தப் புடவை தறியில் பாதி வந்தாச்சு. இதற்குள் வாலாஜாபாத்தில் தலையில் முடியோடு ஒரு பையன் இருக்கிறானாம், அவனைப் பார்க்கலாமா என்று யோசிக்கிறாராம். அவர் மகள் அம்சவேணி போல ஒரு பெண்ணுக்கு நாங்கள் எங்கே போவோம்?

ஆகையால் ஐயா, கடைசி ரீலைத் திருப்பி எடுத்து, அந்தம்மாவை எழுப்பி உட்கார வைக்கவும். டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். எழுந்து ரெண்டு வாய் கஞ்சி குடித்தால் போதும். அந்த வேஷம் போட்ட அம்மாவுக்கு நேரம் ஒழியவில்லை என்றால் நீலாம்பாளை அனுப்பி வைக்கிறேன், நன்றாகப் படுத்துக்கொள்வாள்.

தாங்களும் தங்கள் பிள்ளைகுட்டிகளும் நோய்நொடி இல்லாமல், கொட்டகை நிறைய ஜனத்தோடு நெடுங்காலம் வாழ ஆசீர்வதிக்கும்,
பட்டம்மாள்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் வேலாயுதம் வந்துவிட்டார். கண்ணெல்லாம் வீங்கி இருக்குது. யாருக்கும் தெரியாமல் தனியாகப் போய்ப் படத்தை இன்னொரு தரம் பார்த்தாராம். "எனக்கு ஆம்பளைப் பிள்ளை இல்லம்மா. நான் போனா, படத்துல உங்க பேரன் அழுவுற மாதிரி என்னைக் கட்டிக்கினு அழ ஒரு ஆள் வேணும். கொள்ளிக்கு ஏதாச்சும் பரிகாரம் பண்ணிக்கலாம், தையிலேயே முடிச்சிடுவோம்" என்று தட்டு மாற்றிவிட்டுப் போயிட்டார். ஆகையால் அந்தம்மாவை எழுப்ப வேண்டாம். செத்தபடியே நன்றாக இருக்கட்டும்.