சுருள் சாரின் கல்லுக்கு எலுமிச்சம்பழம் ஆகாது

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் மலையை அண்ணாந்து பார்ப்பார்கள். இந்த ஊரிலேயே இருந்துகொண்டு தரையை மட்டும் பார்த்து நடந்த ஒரே மனிதர் சுருள் சார்தான். மலை எந்தப் பக்கம் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் கை காட்டுவார்.

வேங்கிக்கால் ஆபீஸில் எனக்கு எதிர் சீட்டு. லீவு கிடைத்தால் அரியலூர்ப் பக்கம் பஸ் ஏறிவிடுவார். அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்ததாம். அதில் வாழ்ந்த அம்மோனைட் என்கிற பிராணி, நத்தை மாதிரி சுருண்ட ஓட்டோடு கல்லாகிக் கிடக்கிறதாம். பொறுக்கியதை டிபன் கேரியரில் வைத்துக் கொண்டுவருவார். ஒரு மதியம் நான் கேரியர் மாற்றித் திறந்து, முறுக்கு என்று நினைத்து ஒன்றைக் கடித்துவிட்டேன். சார் பதறி ஓடிவந்தார்.

"உடைஞ்சிடுச்சா?"

"பல்லு உடைஞ்சிடுச்சு சார்."

"அப்பாடா" என்று உட்கார்ந்துவிட்டார்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி அவருக்கு வாடகை வீடு. பீரோ முழுக்கக் கல் இருக்கும். வேட்டி சட்டை அட்டைப்பெட்டியில் இருக்கும். கிடைத்த கல்லையெல்லாம் படம் எடுத்து சென்னையில் ஒரு புரொபசருக்கு அனுப்புவார். "சாதாரண வகை" என்று பதில் வரும். சார் அன்றைக்குச் சாப்பிடமாட்டார்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. உள்ளங்கை அகலம், வரி வரியாக முகடு, நடுச்சுழி கூட உடையவில்லை. ரொம்ப அபூர்வமாம். புரொபசர் ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வருவதாகச் சொல்லிவிட்டார்.

"மியூசியத்துல வெச்சா, கீழ என் பேர் போடுவாங்க சார்" என்றார் சுருள் சார் என்னிடம். ஆபீஸில் அவருடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் கிடையாது.

அப்பேர்ப்பட்ட கல்லைக் கழுவி, காயட்டும் என்று காம்பவுண்டு சுவரில் வைத்துவிட்டு ஆபீஸுக்கு வந்தார். அன்றைக்குப் பௌர்ணமி. இந்த ஊரில் பிறந்தவன் எவனாவது பௌர்ணமியன்று சுழி போட்ட கல்லைக் கிரிவலப் பாதையில் வெளியே வைப்பானா?

சாயங்காலம் அவரோடு நானும் போனேன். கல் வேப்பமரத்தடிக்குப் போயிருந்தது. சந்தனம், குங்குமம், அரளி மாலை, எதிரே கற்பூரம், அதற்கப்பால் வரிசை. பக்கத்தில் கடை போட்டிருந்த பூக்காரம்மாதான் பொறுப்பு.

"சாமிய போயி சுவத்து மேல உக்கார வெப்பாங்களா சார்? அதான் எறக்கி வெச்சேன்."

"சாமி இல்லம்மா. கடல் பிராணி."

"கடல்லருந்து இங்க வந்துச்சா!" வரிசையில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"யாரும் செய்யல, தானா கல்லானது."

"அப்ப சுயம்பு."

"கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி..."

வரிசை இரண்டு பங்கானது. நான் அவர் வாயைப் பொத்தினேன். இன்னும் ஒரு வார்த்தை விஞ்ஞானம் பேசியிருந்தால் கும்பாபிஷேகமே நடந்திருக்கும்.

அப்போது யாரோ எலுமிச்சம்பழத்தை அறுத்தார்கள். சார் அலறினார். "புளிப்பு பட்டா கரைஞ்சிடும்மா. பாலு, எண்ணெய் எதுவும் வேணாம். வெறும் தண்ணி, மெத்துனு ஒரு பிரஷ், நிழல்ல காயணும்." பூக்காரம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டார். கல்லை எடுக்கப் போனால் கூட்டம் முறைத்தது. புரொபசர் வந்து சொன்னால் கேட்பார்கள் என்று சார் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை புரொபசர் வந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். மண்டியிட்டு லென்ஸ் வழியாகப் பார்த்தார். அவருக்கு அருள் வரப்போகிறது என்று இரண்டு பேர் தள்ளி நின்றார்கள்.

"நீங்க சொன்னது சரிதான் சார். அபூர்வம். எடுத்துட்டுப் போலாமா?"

சார் தயங்கித் தயங்கிப் பூக்காரம்மாவைப் பார்த்தார்.

"உங்க கல்லுதானே சார், எடுத்துக்கோங்க" என்றார் பூக்காரம்மா. "நீங்க சொன்ன மாதிரிதான் பாத்துக்கினேன். எலுமிச்சம்பழம் கொண்டாந்தவங்கள எல்லாம் வெரட்டி உட்டேன். என் பேத்தி பல்லு வெளக்குற பிரஷ்ஷு, அதான் மெத்துனு இருந்துச்சு." புதுத் துண்டு ஒன்றை விரித்து, கல்லைக் குழந்தையைத் தூக்குவது போல எடுத்து வைத்தார்.

சார் குனிந்து பார்த்தார். ஒரு வரி தேயவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன பேச்சை யாராவது கேட்டு, அப்படியே செய்து நான் பார்த்ததில்லை. நாங்களெல்லாம் அவர் கல்லைப் பேப்பர் வெயிட்டாகத்தான் வைத்திருந்தோம்.

"இங்கயே இருக்கட்டும்" என்றார் சார். "மியூசியத்துல இவ்ளோ நல்லா பாத்துக்க மாட்டாங்க."

புரொபசர் அங்கேயே அளந்து, படம் எடுத்துக்கொண்டு, கை நிறைய விபூதியோடு சென்னை போனார்.

போன வருஷம் சாருக்குத் தெற்கே மாற்றலாகிவிட்டது. மரத்தடியில் ஒரு தகரப் பலகை வைத்திருக்கிறார்கள். அதில் சாமி பெயர் இல்லை. 'எலுமிச்சம்பழம் கூடாது' என்றும், அதற்குக் கீழே சாருடைய முழுப்பெயரும் எழுதியிருக்கிறது. பௌர்ணமிதோறும் சார் எனக்குப் போன் பண்ணி, "நிழல்லதானே காய வெச்சீங்க?" என்று கேட்பார். நிழலில்தான் சார். நானே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். எதிர் சீட்டில் இப்போது கம்ப்யூட்டர் தெரிந்த நல்ல பையன் ஒருவன் இருக்கிறான். ஆனாலும் மதியம் டிபன் கேரியரைத் திறக்கும்போது, உள்ளே வெறும் சோறு மட்டும் இருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.