கடலடிக்குக் கிளம்பிய இரும்புக்கடைக்காரர்

"மாலத்தீவா?" என்றார் உடையப்பன். சாப்பிட்டுக்கொண்டிருந்த ரசம் மூக்கில் ஏறியது.

"ஆமா" என்றாள் வீரலட்சுமி. "கல்யாணம் ஆன நாளா என்னைய எங்குட்டுக் கூட்டிட்டுப் போனீக? பழனி. விட்டா பிள்ளையார்பட்டி. அதை விட்டா மறுபடியும் பழனி. நானும் நாலு இடம் பாக்க வேணாமா?"

தட்டுக்குப் பக்கத்தில் ஒரு வழவழப்பான மடிப்புத்தாளை விரித்து வைத்தாள். நீலக் கடல், நடுவில் பொட்டு வைத்தாற்போல் ஒரு தீவு, தண்ணீருக்கு மேலேயே கால் ஊன்றி நிற்கும் குடிசைகள். கீழே, முதுகில் சிலிண்டர் கட்டிய ஒரு வெள்ளைக்காரர் மீன்களோடு மீனாக மிதந்துகொண்டிருந்தார்.

உடையப்பன் தட்டை அந்தக் கடலிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டார்.

காரைக்குடியில் இரும்புக்கடை வைத்திருக்கும் உடையப்பன் எதற்கும் அஞ்சாதவர். விற்பனை வரி அதிகாரி வந்தால் நாற்காலி போட்டுக் காப்பி வரவழைப்பார். ஆனால் தண்ணீர் என்றால் மட்டும் நடுக்கம். ராமேஸ்வரம் போனபோது சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி, அக்னி தீர்த்தத்தை உள்ளங்கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு திரும்பியவர். இது வீரலட்சுமிக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. தேவகோட்டைக்குப் பெண் பார்க்கப் போன அன்றைக்கே மாமனாரிடம், "எங்க ஊருணியை அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நீந்துவேன்" என்று பேச்சு வாக்கில் சொல்லிவைத்திருந்தார். மாமனார் அதைக் கேட்ட பிறகுதான் பெண்ணுக்குத் தலை வாரச் சொன்னார்.

முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் ஊருணி வரைக்கும் போகும். எனவே உடையப்பன் கடை வித்தையைக் கையில் எடுத்தார்.

தொல்லை கொடுக்கிற வாடிக்கையாளரை விரட்ட அவரிடம் ஒரு வழி உண்டு. அடிமாட்டு விலைக்குக் கேட்டால் திட்ட மாட்டார். "எடுத்துக்கங்க" என்பார், உடனே. அவ்வளவுதான். கேட்டவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். தாழ்ப்பாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான், துரு இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டுவான், "போயிட்டு வாரேன்" என்று நழுவிவிடுவான்.

"சரி, போவோம்" என்றார் உடையப்பன்.

வீரலட்சுமி கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"நெசமாவா சொல்றீக?"

"நெசமாத்தான்."

அவளும் தேவகோட்டை பாத்திரக்கடைக்காரர் மகள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சும்மா கரையில உக்காந்து பாத்துட்டு வாறதுக்கு இல்ல. இந்தா, இவரு மாதிரி சிலிண்டரைக் கட்டிக்கிட்டு அடியில போயிப் பாக்கணும்."

"பின்னே? அதுக்குத்தானே அம்புட்டுத் தூரம் போறது. ரெண்டு பேருமே இறங்குவோம்."

வீரலட்சுமி மடிப்புத்தாளை மடித்து எடுத்துக்கொண்டாள். உடையப்பன் மோர் ஊற்றிக்கொண்டார். நாளைக்குள் நழுவிவிடுவாள் என்று கணக்குப் போட்டார்.

மறுநாள் கடைக்கு மச்சினன் மருதுபாண்டி வந்தான். "அத்தான்! அக்கா போன் பண்ணுச்சு. மாலத்தீவாம்ல? எங்க அப்பா தேவகோட்டை பூராச் சொல்லிட்டாரு!"

இனி நழுவ வேண்டியது தாம்தான் என்று உடையப்பனுக்குப் புரிந்தது. மதுரைக்குப் பஸ் ஏறினார்.

மடிப்புத்தாளில் முத்திரை குத்தியிருந்த டிராவல்ஸை நடத்துபவன் பெனோ என்ற இளைஞன். "வாங்க சார், உங்க வீட்டம்மா சொன்னாக நீங்க வருவீகன்னு" என்று ஏசியைப் போட்டான்.

உடையப்பன் உட்காராமலே பேரத்தை ஆரம்பித்தார். அவன் சொன்ன தொகையில் பாதியைக் கேட்டார். இந்த விலையைக் கேட்டால் மானமுள்ள எவனும் வெளியே போகச் சொல்வான். அதுதான் அவருக்கு வேண்டியது.

பெனோ கால்குலேட்டரைத் தட்டினான். "மழை சீசன்ல போனா முடியும் சார்."

"சாப்பாடு? எனக்கு மத்தியானம் சோறும் குழம்பும் வேணும். ரொட்டி ஆகாது."

"அந்த ரிசார்ட்டுல சமையக்காரரு தூத்துக்குடிக்காரரு சார்."

உடையப்பன் கடைசி ஆணியை அடித்தார். "எங்களுக்குப் பாஷை தெரியாது. நீயும் கூட வரணும். உன் செலவு உன்னோடது."

பெனோவின் கண்ணில் நீர் தளும்பியது. "சார்! ஊருக்கெல்லாம் டிக்கெட் போடுறேன், நான் திருவனந்தபுரத்தைத் தாண்டினது இல்ல. கட்டாயம் வாரேன் சார்!"

திரும்பி வரும் பஸ்ஸில் உடையப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்து, தம் வாழ்நாளில் இவ்வளவு மலிவாக எதையும் வாங்கியதில்லை என்று துக்கப்பட்டார்.

ஒரு வழி பாக்கி இருந்தது. கடலடிக்குப் போகிறவர்கள் டாக்டரிடம் சான்று வாங்கிவர வேண்டுமாம். டாக்டர் சூசைமரியான் முன்னால் உட்கார்ந்ததும் உடையப்பன் இருமினார். நாட்டு வைத்தியம் அத்தனைக்கும் அடங்காத இருமல்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றினார். "வெளிய உக்காந்திருக்கிறவுக எந்திரிச்சு நின்னுட்டாகய்யா. நெஞ்சுல இம்புட்டுக் காத்தை வச்சுக்கிட்டு எதுக்குச் சிலிண்டரு?"

"எனக்கு டாக்டர்?" என்றாள் வீரலட்சுமி. "கொஞ்சம் படபடன்னு வருது."

"வெளிநாடு போறீகல்ல, வரத்தான் செய்யும். ரெண்டு பேரும் கல்லு மாதிரி இருக்கீக."

"கல்லு தண்ணியில என்ன ஆகும் டாக்டர்?" என்று உடையப்பன் கேட்பதற்குள் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வீரலட்சுமி அந்தச் சான்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று உடையப்பன் மனத்துக்குள் வைதார்.

இனி நீச்சல் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை. ஊருணியில் இப்போது காலை நனைத்தால் ஊரே கல்லெறியும், குடிதண்ணீருக்கென்று ஒதுக்கியாயிற்று. பள்ளத்தூரில் மருதுபாண்டிக்கு ஒரு கிணறு இருந்தது. "ரொம்ப நாளாச்சு மாப்பிள்ளை, சும்மா கையைக் காலை உதறிப் பாக்கலாம்னு" என்று சொல்லி, ஒரு லாரி டியூபோடு போய் நின்றார்.

"இந்தக் கிணத்துக்கு எதுக்கு அத்தான் டியூபு?"

"டியூபு நல்லா இருக்கான்னு பாக்க."

மருதுபாண்டி செல்லமாக ஒரு தள்ளு தள்ளினான். டியூப் மிதந்தது. உடையப்பன் அதற்குள் இல்லை. அடிப்படியின் இடுக்கில் வேட்டி மாட்டிக்கொண்டு, மேலேயும் வர முடியாமல் கீழேயும் போக முடியாமல், தமக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வேட்டியை விட்டுக்கொடுத்த பிறகுதான் மேலே வந்தார்.

அன்று சாயங்காலமே கடைத்தெருவில் மருதுபாண்டி மைக் இல்லாமல் முழங்கினான். "அடேயப்பா! எம்புட்டு நேரம் மூச்சடக்கிக் கிடந்தாரு! வேட்டி கழண்டு போனதுகூடத் தெரியல, தவம் மாதிரி!"

விளைவு, இரும்பு வியாபாரிகள் சங்கத்தில் பாராட்டு விழா. செக்காலை ரோடு முழுக்கச் சுவரொட்டி. 'கடலடி காணச் செல்லும் எங்கள் செயலாளர் உடையப்பன் அவர்கள் மீண்டு வர வாழ்த்துகிறோம்.' அந்த 'மீண்டு' என்ற சொல்லைப் படித்ததிலிருந்து அவர் கடைக்குச் சந்து வழியாகவே போனார்.

மேடையில் தலைவர் மாலை போட்டார். பெண்கள் வரிசையில் வீரலட்சுமிக்கும் ஒரு மாலை விழுந்தது. "எங்க செயலாளர் வீட்டம்மாவும் இறங்குறாங்க!" என்று அவர் முழங்க, சபை கைதட்டியது. வீரலட்சுமி எழுந்து கும்பிட்டாள். மாலையைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவள் மடியில் போட்டாள். கூச்சம் என்று எல்லாரும் மெச்சினார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று உடையப்பன் வாயைத் திறந்தார். "லெச்சுமி..."

"என்னங்க?" என்று அவசரமாக முகத்தை நிமிர்த்தினாள். "என்ன, வேணாங்கிறீகளா?"

அந்தக் குரலில் அத்தனை ஆவல். சவால் விடுகிறாள்!

"சே சே. பெட்டிக்குப் பூட்டு எடுத்து வச்சியான்னு கேட்டேன்."

வீரலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசியில் அந்த நாளும் வந்தது. தீவுக்கு அப்பால் ஒரு படகு. காரைக்குடிக்காரர் இருவர் முதுகில் ஆளுக்கொரு சிலிண்டர், காலில் வாத்துக்கால் போல ரப்பர் துடுப்பு, முகத்தில் கண்ணாடி. ஜெர்மன்காரப் பயிற்சியாளர் ஏதோ சொன்னார்.

"முதல் தடவை இறங்குறவுகள அவரே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி கொண்டாந்து விட்டுருவாராம். நீச்சல் தெரியலைன்னாலும் பரவாயில்லையாம்" என்று பெனோ விளக்கினான். அவன் கழுத்தில் இளநீர்க் குலை மாதிரி கேமராக்கள் தொங்கின.

பள்ளத்தூர்க் கிணற்றில் குடித்த தண்ணீரெல்லாம் வீண் என்று உடையப்பன் நொந்துகொண்டார்.

"யார் முதலில்?" என்று ஜெர்மன்காரர் சைகையில் கேட்டார்.

உடையப்பன் நாகரிகமாக மனைவியைக் காட்டினார். மனைவி மரியாதையாகக் கணவரைக் காட்டினாள். இரண்டு விரலையும் பார்த்த ஜெர்மன்காரர், பக்கத்திலிருந்த வீரலட்சுமியின் கையைப் பிடித்தார். "ஐயனாரப்பா!" என்றாள் வீரலட்சுமி. கண்ணை மூடினாள். தொபுக் என்று ஒரு சத்தம். நீல நீரில் குமிழிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

உடையப்பன் படகின் விளிம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அத்தனை நாள் அடக்கிவைத்தது உடைந்துகொண்டு வந்தது.

"பெனோ, உங்கிட்டச் சொல்றதுக்கு என்ன, எனக்குத் தண்ணின்னாலே உசிரு போயிரும்யா. ஊருணியாவது நீச்சலாவது! அவளுக்காகத்தான் இம்புட்டுத் தூரம் வந்து உக்காந்திருக்கேன். இவளுக்கு எங்குட்டுருந்துய்யா வந்துச்சு இந்தக் கடலடி ஆசை?"

பெனோ கேமராவைக் கீழே இறக்கினான். குமிழிகளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"அம்மா ஆசைப்பட்டது கொடைக்கானல்தான் சார், தான் எதைக் கேட்டாலும் நீங்க பாதியாக் குறைப்பீகன்னுதான் மாலத்தீவுல ஆரம்பிச்சாக. நீங்க ஏன் சார் அன்னைக்கு மட்டும் பேரம் பேசாம விட்டீக?"