இலைக்கு வக்காலத்து

ஆராய்ச்சியாளர்களில் 'முடிவு தெரிந்தவர்' என்று ஓர் இனம் உண்டு. இவர் ஓர் இலையைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவருவது, அதற்கு மருத்துவ குணம் உண்டா என்று பார்ப்பதற்காக அல்ல. உண்டு என்று ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்ட பிறகு, சாட்சிக்கு ஆள் பிடிப்பதற்காக. தலைவலியா, அந்த இலை. தூக்கம் வரவில்லையா, அந்த இலை. தூக்கம் அதிகமா, அதற்கும் அதே இலைதான், கொஞ்சம் குறைத்து.

இப்படி ஒரு பேராசிரியரை எனக்குத் தெரியும். இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடித்த சாற்றில் ஒரு காகித வில்லையை நனைத்து, கிருமி வளர்க்கும் தட்டில் வைத்தார் அவருடைய ஆய்வு மாணவி. முறைப்படி, வெறும் ஸ்பிரிட்டில் நனைத்த வில்லை ஒன்றையும் பக்கத்தில் வைத்தார். மறுநாள் பார்த்தால் இரண்டைச் சுற்றியும் ஒரே அளவுக்குக் கிருமி செத்துக் கிடந்தது. கொன்றது ஸ்பிரிட். இலை சும்மா கூடப் போயிருக்கிறது.

"இந்தப் பக்கத்த மட்டும் போட்டோ எடும்மா," என்றார் பேராசிரியர்.

"அந்தப் பக்கமும் அதேதான் சார்."

"அதனாலதான் சொல்றேன்."

மாணவி மறுத்துவிட்டார். மனிதருக்கு ரோஷம் வராதா? செருப்புக் கடித்த புண் ஒன்று கால் விரலில் தயாராக இருந்தது. அதிலேயே நிரூபிக்கிறேன் என்று இலையை அரைத்துக் கட்டிக்கொண்டார். உடம்பில் சர்க்கரை வேறு. ஒரே வாரத்தில் விரல் வீங்கிக் கறுத்தது. கேட்டதும் எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. விரலோடு நிற்கிற சங்கதியா அது?

"உள்ள இருக்கிற கெட்டதை இலை வெளியே தள்ளுது," என்றார் அவர்.

மனைவி வாதாடவில்லை. காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "விரல் இருந்தாத்தானே நிரூபிக்க முடியும்? ஏறுங்க."

டாக்டர் சீழை எடுத்து, ஊசி போட்டு, மாத்திரை கொடுத்தார். விரல் பிழைத்தது. பேராசிரியர் அதை மேஜைமேல் தூக்கி வைக்காத குறையாக மாணவியிடம் காட்டினார்.

"பாத்தியா, இலை கைவிடல."

"மாத்திரை சார்?"

"அது கூடமாட ஒத்தாசை பண்ணிச்சு."

சிரிக்கிறீர்கள். தட்டில் தோற்று, விரலுக்கும் உலை வைக்கப் பார்த்த இலைக்கு இன்னமும் வக்காலத்து வாங்குகிறாரே என்று நன்றாகவே சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: 'அது என்ன இலை, நம் பக்கம் கிடைக்குமா?' என்று ஒரு கேள்வி இவ்வளவு நேரமும் உங்கள் நாக்கு நுனியில் நிற்கிறதா, இல்லையா?