எடுக்காத படத்தால் பெயர் எடுத்தவர்

இயற்கைப் புகைப்படக்காரர் என்றொரு இனம் உண்டு. காட்டுக்குப் போய்த் தேட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பூந்தமல்லி டீக்கடைகளில் கூட்டமாகத் தென்படும். இலைதழை அச்சடித்த சட்டை, உடம்பெல்லாம் பை வைத்த கால்சட்டை, கைக்குழந்தையைப் போல் மார்போடு அணைத்த லென்ஸ். டீ சொல்லும்போதுகூடக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லும். பறவை பறந்துவிடுமாம். டீக்கடையில் என்ன பறவை?

இந்த இனத்தில், தானும் எடுத்துப் பிறருக்கும் சொல்லிக்கொடுக்கிற உட்பிரிவு ஒன்று உண்டு. மேனாம்பேடு ஹேமநாதன் அந்த வகை. ஆவடித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு கேமரா வாங்கி, முதலில் மதில்மேல் அணிலையும், பிறகு வாழைப்பூவில் தேன்சிட்டையும், தேன்சிட்டு வராத நாட்களில் வாழைப்பூவையும் எடுத்துத் தள்ளியவர். மனைவி சுசீலாவை மட்டும் எடுத்ததில்லை. கேட்டால், நீ அசையாமல் இருக்க மாட்டாய் என்பார். தேன்சிட்டு மட்டும் அசையாமல் இருந்ததா என்று அந்த அம்மாள் கேட்டால், லென்ஸைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

ஆனால் வாத்தியார் நல்ல வாத்தியார். அதைச் சொல்லியாக வேண்டும், நானும் அவர் மாணவன். வகுப்பில் யார் எதைக் கேட்டாலும், உண்மையான பதிலைச் சொல்லாமல் நகர மாட்டார்.

தொழிலில்தான் அதிர்ஷ்டம் போதவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு மீன்கொத்தி ஒரு காலண்டரில் வந்தது, கீழே வேறு யாரோ ஒருவர் பெயருடன். அப்படிப்பட்டவரிடம் போன மே மாதம் ஒரு பத்திரிகை, அட்டைக்கு ஒரு படம் கேட்டது. கூட்டில் இருக்கிற பறவை வேண்டும், திங்கட்கிழமைக்குள் வேண்டும். மனிதர் சோற்றை மறந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு செம்பரம்பாக்கத்தில். ஏரிக்கரையை ஒட்டிக் கல் நட்டுப் போட்டிருந்த மனை ஒன்றில், வெறும் தரையில், சரளையோடு சரளையாக ஆள்காட்டிக் குருவியின் முட்டைகள். சார் மண்ணில் குப்புறப் படுத்தார். பின்னால் நாங்களும் படுத்தோம். தாய்ப்பறவை தலைக்குமேல் கத்திக்கொண்டே சுற்றியது. வெயில் ஏறியது. அது இறங்கினால் அட்டைப்படம். இறங்கவில்லை.

அம்பத்தூர் வங்கி ஒன்றில் வேலை பார்க்கும் மோகனப்பிரியா, வகுப்பில் புதுசு. பாடம் என்று நினைத்துத்தான் கேட்டார்.

"சார், அது ஏன் முட்டை மேல வந்து உக்கார மாட்டேங்குது?"

ஹேமநாதன் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கேள்வி காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். விழுந்திருந்தது. ஷட்டர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார்.

"நாம இங்க கீறோம்ல, அதான்மா" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் இப்டியே போனா, வெயில்ல முட்டை வெந்துடும்."

சொன்ன பிறகு எப்படிப் படுத்திருப்பது? எழுந்தார், சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார், கேமராவின் முக்காலியை மடக்கினார். எங்களையெல்லாம் சாலைவரை நடத்திக்கொண்டு போய் நிறுத்தினார். அங்கிருந்து பார்த்தால் பறவை பொட்டாகத்தான் தெரிந்தது. அந்தப் பொட்டு ஏரிக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, முட்டைகள் மேல் உட்கார்ந்தது. யாரும் படம் எடுக்கவில்லை. பத்திரிகை வேறொருவருடைய புறாவை அட்டையில் போட்டது.

பாவம் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். புதன்கிழமை அவர் முகநூலில் 'நான் எடுக்காத படம்' என்று ஒரு கட்டுரை வந்தது. உடன் ஒரு புகைப்படம்: ஏரியைப் பார்த்தபடி, சோகமாக, அவரே. எடுத்தவர் சுசீலா. ஆயிரக்கணக்கானோர் அதைப் படித்துக் கண் கலங்கினார்கள். பள்ளிக்கூடங்கள் பேசக் கூப்பிட்டன, அரிமா சங்கம் பொன்னாடை போர்த்தியது. எடுத்த படங்களெல்லாம் சேர்ந்து தராத பெயரை எடுக்காத ஒன்று தந்துவிட்டது. மேடைக்கு மேடை வெயில் ஏறுகிறது; போன வாரம் ஆவடியில் முட்டைகளைக் காப்பாற்றத் தன் தொப்பியைக் கழற்றி நிழல் கொடுத்ததாகச் சொன்னார். முன்வரிசையில் இருந்த நான் கைதட்டினேன். மோகனப்பிரியாவும் தட்டினார். பின்னொரு ஞாயிறு அங்கே போனபோது குஞ்சுகள் பொரிந்து ஓடியதை நாங்கள் இருவரும் பார்த்திருக்கிறோம், மற்றது போகட்டும்.

சிரிக்கிறீர்கள். சரி, உங்கள் கைப்பேசியைக் கொஞ்சம் திறங்கள். போன பௌர்ணமிக்கு மொட்டை மாடியில் எடுத்த நிலா, பட்டாணி அளவில், கொஞ்சம் கலங்கலாக இருக்கிறதா? நேரில் பிரமாதமாக இருந்தது என்று நாலு பேரிடம் காட்டினீர்களா? அழிக்கவும் மனம் வரவில்லையா? ஜாக்கிரதை. இன்னும் இரண்டு பௌர்ணமி போனால், நீங்களே ஒரு வகுப்பு ஆரம்பித்துவிடுவீர்கள்.